கிழவன் பிடிவாதம் ஒன்றேகால்

'நான் ஒத்துக்கொள்கிறேன்' என்ற பொத்தானை என் வாழ்க்கையில் ஆயிரம் தடவையாவது அழுத்தியிருப்பேன். அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவைகூடப் படித்ததில்லை. (நீங்கள் மட்டும் படித்துக் கிழித்தீர்களாக்கும்!) படிக்காதவன் கதி என்ன என்பதை, எங்கள் பேராக் மாநிலத்தில் பத்து காஜா என்ற ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்னைப் பெற்றவள் முன்னிலையில் தெரிந்துகொண்டேன்.

அப்போது எனக்கு யோகேஸைப் பெண் பார்த்திருந்தார்கள். கோலாலம்பூரில் ஏதோ கணினி கம்பெனியில் வேலை. பேசிய இரண்டு முறையிலேயே எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவளோ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் அப்பா மணியம் மாமா கல்யாணச் சமையல்காரர். எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்பதெல்லாம் மனக்கணக்குதான். அப்பாவை மடக்கினால் மகள் தலையாட்டுவாள் என்று நானாக முடிவு கட்டி, சமையல் கணக்குப் போடும் ஒரு மென்பொருளை அவருக்கு அன்பளிப்பாக எழுத ஆரம்பித்தேன்.

மனுஷன் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார். "தம்பி, சாம்பாருக்கு அந்தக் கணக்கு பத்தாதுலா. ஏத்து." ஏற்றினேன். "பாயசத்துக்கும் ஏத்து." அதையும் ஏற்றினேன். வருங்கால மாமனார், எதிர்த்துப் பேச முடியுமா? எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அதையெல்லாம் கமெண்டில் கொட்டினேன்.

கமெண்ட் என்பது நிரலுக்கு நடுவே நமக்காக எழுதி வைக்கும் குறிப்பு. கணினி அதைத் தாண்டிப் போய்விடும். ஈப்போவில் என் ஆபீஸில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் மேனேஜரைத் திட்டுவதென்றால் தமிழ்க் கமெண்டில் ஆசை தீரத் திட்டுவேன், ஒரு பயலுக்கும் புரியாது. மணியம் மாமாவுக்கு எழுதும்போதும் கை அதே பழக்கத்தில் போய்விட்டது. அவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பத்து காஜாவில் மாமா வீட்டுக்குப் போய், மாமாவின் கணினியில் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தேன். இருநூறு பேர் என்று தட்டினால் அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அழகான ரசீதாக வந்து விழுந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஒவ்வொரு வரியும் என் சொந்த மூளை மாமா" என்றேன். (சத்தியமாக இப்படித்தான் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.)

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த யோகேஸ் கிட்டே வந்து மென்பொருளின் கோப்புகளைத் திறந்து பார்த்தாள்.

"இந்த ரசீது அச்சடிக்கிற லைப்ரரி?"

லைப்ரரி என்றால், யாரோ ஒருவர் எழுதி வைத்து, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் துண்டு. கடையில் வாங்கும் மசாலாத் தூள் மாதிரி, நாம் அரைக்க வேண்டியதில்லை.

"அது... இண்டர்நெட்ல சும்மா கெடைச்சது."

"சும்மா இல்ல, நிபந்தனையோட கெடைச்சது. லைசென்ஸ் படிக்கலையா? சில லைப்ரரிக்கு எழுதினவங்க பேரைப் போட்டு லைசென்ஸையும் கூட வெச்சா போதும். இது அப்படி இல்ல. இதைச் சேத்து செஞ்ச மென்பொருளை யாருக்குக் கொடுத்தாலும் அதோட மூல நிரலையும், அதாவது நீங்க எழுதினதை அப்படியே, கொடுக்கணும். வாங்கினவங்க அதை மத்தவங்களுக்கும் கொடுக்கலாம்."

"நான் விக்கலையே, அன்பளிப்புதானே?"

"அன்பளிப்பும் கொடுக்கிறதுதான்."

அவள் வேலையே இதுதானாம். எந்த லைப்ரரி, என்ன லைசென்ஸ் என்று கம்பெனி முழுக்கச் சல்லடை போட்டுச் சலிப்பது. போயும் போயும் அவளிடம்தான் சொந்த மூளை என்று பீற்றியிருக்கிறேன்!

மானம் போகிறதே என்று வீராப்பாக, "தாராளமா பாருங்க" என்று மூல நிரல் இருந்த என் மடிக்கணினியைத் திறந்தேன். மாமா, "பெருசா காட்டு தம்பி, எனக்குக் கண்ணு தெரியல" என்றார். ஹாலில் இருந்த பெரிய டிவியில் இணைத்தேன். முதல் பக்கம் வந்த பிறகுதான் கமெண்டுகள் ஞாபகம் வந்தன.

மாமா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "மாமா இன்னிக்கும் மனசு மாத்திட்டார். முருகா, என்னைக் கூப்பிட்டுக்கோ." அம்மா என் தொடையில் கிள்ளினாள். "சாம்பார் அளவைக் கிழவன் பிடிவாதத்தால் பெருக்கு." மாமா நிறுத்தினார். "கிழவன்னு போட்டிருக்கே, யாரு தம்பி அது?"

அலாமாக்! சம்பந்தம் போச்சு, யோகேஸ் போச்சு, அழுதுவிடுவேன் போலிருந்தது.

"எவ்ளோ வெச்சிருக்கே, அந்தப் பிடிவாதம்?"

"ஒன்றேகால் மடங்கு, மாமா."

"பத்தாதுலா. ஒன்றரை போடு." அவர் சிரிக்கவில்லை. "நான் எஸ்டேட் திருவிழாவுல சமைக்க ஆரம்பிச்ச வருஷம், கடைசிப் பந்திக்குச் சோறு இல்லாமப் போச்சு. புள்ளைங்க எலையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சுங்க. அன்னிலேர்ந்து எனக்குக் கணக்கு தப்பாத்தான் வரும். தப்பாவே வரட்டும்."

எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. "மன்னிச்சிருங்க மாமா" என்று அங்கேயே ஒன்றரையாக மாற்றினேன். டிவியில் யோகேஸ் பார்த்துக்கொண்டிருந்தது, ரசீதுப் பகுதியில் சரிப்படாமல் நான் விட்டுவிட்ட ஒரு வரிக்கு எழுதியிருந்த வேறொரு கமெண்ட்: "இந்த வரி வேலை செய்தால் அந்தப் பொண்ணு என்னைக் கட்டிக்குவா." அதற்குக் கீழே, "வேலை செய்யல."

அவள் சிரித்துவிட்டாள். மறுவாரம் சரி என்று சொல்லி அனுப்பினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் தப்பித்திருப்பேன். மாமா மகளிடம், "இதை நான் மத்தவங்களுக்கும் கொடுக்கலாம்னு சொன்னேல்ல?" என்று கேட்டுக்கொண்டு, கோப்பெங்கிலிருந்து சிலிம் ரிவர் வரை தனக்குத் தெரிந்த சமையல்காரர்கள் எல்லோருக்கும் கமெண்டோடு அனுப்பிவிட்டார். "அதையாவது எடுத்துட்டு அனுப்புங்க மாமா" என்று கெஞ்சினேன். "லைசென்ஸ் இருக்கு மாப்பிள்ளே" என்றார்.

இன்றைக்கும் பேராக்கில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சமையல்கட்டில், "கிழவன் எவ்ளோ?" என்று ஒருவர் கேட்பார். "ஒன்றரை!" என்று இன்னொருவர் கத்துவார். நான் இலையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன்.

போன மாதம் சிலிம் ரிவரில் யாரோ முகம் தெரியாத ஒருவர், நான் விட்டுவிட்ட அந்த வரியைத் திருத்தி மூல நிரலை எனக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். என் பழைய "வேலை செய்யல"வுக்குக் கீழே புதிதாக ஒரு கமெண்ட்: "இப்ப வேலை செய்யுது அண்ணே. அந்தப் பொண்ணு கட்டிக்கிட்டாங்களா?"

பதில் எழுதலாம் என்று போய் உட்கார்ந்தேன். யோகேஸ் முந்திக்கொண்டிருந்தாள்.

"கட்டிக்கிட்டேன். நிபந்தனையோட."