ஓஃப்சைட் அண்ணை கொலோன் போன கதை

மொன்றியல் தமிழர்களில் பொறாமைப்படத் தகுந்த ஆள் ஒருவர்தான். அவருக்கு வீடில்லை, காரில்லை, கல்யாணமும் ஆகவில்லை. கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார். நான் அங்கேயே நோயாளிகளின் கட்டில் தள்ளுகிறவன். எங்களுக்கெல்லாம் அவர் ஓஃப்சைட் அண்ணை.

மெத்ரோவில் ஆட்கள் இறங்குவதற்கு முன் யாராவது ஏறினால், கால்பந்து நடுவரைப் போலக் கையை உயர்த்தி, "ஓஃப்சைட்" என்பார். ஈரத் தரையில் கால் வைத்த பெரிய டாக்டருக்கும் அதே கை உயர்ந்தது. டாக்டர் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினார். நான் பத்து வருடமாக அதே டாக்டருக்கு 'போன்ஜூர்' சொல்கிறேன். இன்னும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஜேர்மனியில் ஐரோப்பியக் கிண்ணக் கால்பந்து நடந்தபோது இருவரும் லீவு போட்டு, கொலோனில் ஸ்கொட்லாந்து ஆடும் ஆட்டத்துக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் டிக்கெட் எடுத்தோம். நான் நேரில் பார்க்கப்போகும் முதல் பெரிய ஆட்டம். அங்கேதான் ஒரு பிழை விட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அன்றைக்கே கொலோனில் இருக்கும் சித்திக்குப் போன் எடுத்தார்.

விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போகச் சொந்தக்காரரின் மூன்று கார்கள் நின்றன. அண்ணைக்கு ஜேர்மனியில் ஒரு சொந்தமும் இல்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஸ்டேடியத்தில சந்திப்பம்" என்று ரயிலேறிப் போய்விட்டார்.

மூன்று நாளில் நான் பார்த்த கொலோன் ஏழு வரவேற்பறைகளும் வயதுக்கு வந்த ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டு வீடியோவும். அவர் பார்த்த கொலோன் என் போனுக்குப் படம் படமாக வந்துகொண்டிருந்தது. ரைன் நதிக்கரை. தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம். கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஸ்கொட்லாந்துக்காரர் நூறு பேர். நடுவில், படுக்கும்போது கட்டுகிற கட்டம் போட்ட சாரத்தோடு எங்கள் அண்ணை. அவர்களுக்குக் குலத்துக்கு ஒரு கட்டமாம்; இது எந்தக் குலத்துத் துணி என்று ஒருவர் கேட்டாராம். "பருத்தித்துறை" என்று தன் ஊரைச் சொன்னாராம். அதன் பிறகு ஊர்வலத்தின் முரசே அவர் கைக்கு வந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. பாதி பொறாமை, பாதி சித்தியின் நண்டுக் குழம்பு.

ஆட்டத்தன்று சித்தி வாசலை மறித்து நின்றார்.

"சாப்பிட்டிட்டுப் போ தம்பி. பந்து எங்கயும் ஓடாது."

"அது ஓடுறதைப் பாக்கத்தான் சித்தி வந்தனான்."

"அப்ப இன்னும் ஒரு கரண்டி."

நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருந்தது. கோலெல்லாம் விழுந்து முடிந்திருந்தது. என் இருக்கையில் முரசு உட்கார்ந்திருந்தது. அண்ணை என்னைப் பார்த்து மெதுவாகக் கையை உயர்த்தினார்.

திரும்பும் விமானத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். சித்தி கட்டித் தந்த பொதியை மட்டும் அவர் பக்கம் தள்ளினேன். பிரித்து ஒரு மீன் ரோலைக் கடித்தார்.

"இது ஆர் செய்தது?"

"சித்தி."

"உனக்கெண்டோ?"

"ஓம்."

"மற்ற நாளில என்ன தந்தவ?"

எரிச்சலோடு சொன்னேன். இடியப்பம், சொதி, கணவாய், நண்டு. ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு, "பேந்து?" என்று கேட்டார். அவருக்கு மூன்று நாளும் வெறும் பேக்கரிப் பாண்தானாம்.

"குடுத்து வைச்சவன் நீ" என்றார் கடைசியில். அவர் முகத்தில் பொறாமையை அன்றுதான் கண்டேன். எனக்கு நன்றாகப் பழகிய பொருள் என்பதால் உடனே தெரிந்துவிட்டது.

போன கிழமை சித்திக்குப் போன் எடுத்து, அடுத்த லீவுக்கு இரண்டு பேர் வருகிறோம் என்றேன்.

"மற்றது ஆர்? எங்கட சொந்தமோ?"

"ஓம் சித்தி. என்ர அண்ணை."