சுல்தானுக்கு நான் கொடுத்த மண்சரிவுப் பயிற்சி

பேரிடருக்கு ஆயத்தமாக இருப்பவர்களைவிட ஆபத்தானவர்கள் உலகத்தில் கிடையாது. கலியாணமான புதிதில் நான் அப்படி ஒருத்தியாக இருந்தேன்.

மாத்தளை டவுனுக்கு மேலே, மலைச்சரிவில் எங்கள் வீடு. மழைக்காலம் வந்தால் மண்சரிவு எச்சரிக்கையும் கூடவே வரும். மனிதர்கள் எப்படியாவது ஓடிவிடுவார்கள், எங்கள் மஞ்சள் பூனை சுல்தானின் கதி என்ன என்ற கவலையில் எனக்குத் தூக்கமே வரவில்லை. (கணவர் நவாஸுக்கு நன்றாகவே வந்தது.) ஃபோனில் ஒரு வீடியோ வழி சொன்னது. தினமும் ஒரே சத்தத்தை எழுப்பி, கூடைக்குள் சாப்பாடு வைத்துப் பழக்கினால், ஆபத்து நேரத்தில் பூனை தானாகவே கூடைக்குள் ஏறிவிடுமாம்.

மூடி போட்ட பிரம்புக் கூடையொன்றைக் சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால் வைத்தேன். உள்ளே பொரித்த நெத்தலி. தட்டில் கரண்டியால் டங் டங்கென்று அடித்துவிட்டு, பூனை கூச்சப்படக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். திரும்பி வந்தால் ஒரு நெத்தலித் தலைகூட மிஞ்சியிருக்காது.

"சுல்தான் என்னா கெட்டிக்காரன் பாத்தீங்களா?" என்றேன்.

"எனக்கும் நாலு நெத்தலி பொரிச்சுத் தாங்களேன், நானும் கூடைக்குள்ள ஏறுறேன்" என்றார் நவாஸ்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம் கிராம சேவகர் குடையோடு வாசலில் வந்து நின்றார். "மேல நெலம் வெடிச்சிருக்கு. ஒடனே எல்லாரும் பாடசாலைக்குப் போங்க!"

ஊரே பதறியது. நான் பதறவில்லை. தட்டை அடித்தேன். கூடை ஆடியது. ஓடிப்போய் மூடியை இறுக்கிக் கட்டித் தூக்கிக்கொண்டேன்.

"நீங்க முன்னுக்குப் போங்க, நான் காஸ் அடுப்ப மூடிட்டு வாறேன்" என்றார் நவாஸ்.

பாடசாலை மண்டபத்தில், பக்கத்து வீட்டு ரம்ஸியா ராத்தா கக்கத்தில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். பிரசங்கம் செய்ய எனக்கு ஆள் கிடைத்தது.

"மிருகங்கள முன்கூட்டியே பழக்கணும் ராத்தா. இப்ப பாருங்க!" என்று மூடியைத் திறந்தேன்.

வெளியே வந்தது சுல்தான் இல்லை. சந்தி இறைச்சிக்கடையில் குடியிருக்கும், ஒரு காது கிழிந்த கறுப்புக் கடுவன் பூனை. வெகுநாள் பழகியவன் போல என்னைப் பார்த்தான். பிறகு கோழியைப் பார்த்தான்.

கோழி பறந்து கிராம சேவகரின் தலையில் ஏறியது. கடுவன் அவருடைய முதுகு வழியாக ஏறினான். அவர் தடுமாறி விழுந்ததில், ஊருக்கே சமைத்து வைத்திருந்த பருப்புக்கறி தரையில் ஓடியது.

"இதுதானா பழக்கின மிருகம்?" என்றார் ராத்தா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நெத்தலி தின்றவன் இவன். சுல்தான் வீட்டில் கிடக்கிறான். நவாஸும் இன்னும் வரவில்லை.

வாசலுக்கு ஓடினேன். லொறி லொறியாகக் கல் கொட்டுவது போல மேலேயிருந்து ஒரு சத்தம். ராத்தா கோழியை மறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பாதை வளைவில் ஒரு சேற்று உருவம் தெரிந்தது. ஒரு காலில் செருப்பில்லை. சட்டைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது.

"அலுமாரிக்கு மேல ஒளிஞ்சிக்கிட்டு ஈக்குது" என்றார் நவாஸ், மூச்சு வாங்கியபடி. "நீங்க தட்டு அடிச்சாலே இதுக்குப் பயம் போல. நான் படி எறங்குறேன், பின்னால குசினி மண்ணோட போயிட்டுது."

நான் விம்மி விம்மி அழுதபடி இரண்டு கையையும் நீட்டி, சுல்தானை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"நானும் வந்தீக்கிறேன்" என்றார் நவாஸ்.

குசினியைத் திரும்பக் கட்டினோம். கடுவனும் எங்களோடேயே தங்கிவிட்டான். (இத்தனை நாள் சாப்பாடு போட்டுவிட்டு, யாரென்று தெரியாது என்று சொல்ல முடியுமா?)

பிறகு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு வந்து இறங்கினேன். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நவாஸ் வாசலை மறித்துக்கொண்டு, குழந்தையின் முகத்துத் துணியை விலக்கி உற்றுப் பார்த்தார்.

"நம்மடதான். உள்ள வாங்க."

மகள் இப்போது பாடசாலைக்குப் போகிறாள். இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து, வேனிலிருந்து இறங்கும்போதெல்லாம் முகத்தை நிமிர்த்திக் காட்டிக்கொண்டு நிற்பாள்.

"உம்மா, நான்தானான்னு நல்லாப் பாத்துக்கோங்க."