ஸ்டெப்னிக் குழியில் ஒரு பெட்டி

என் மனைவி ஒரு விஷயத்தைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை என்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அவளுக்கு அது தெரியும். இரண்டு, எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். ‘தெரியாது’ என்ற மூன்றாவது காரணம் எங்கள் இருபத்திரண்டு வருட இல்லறத்தில் இன்னும் தலைகாட்டவில்லை.

அதனால்தான், காரில் நான் ரகசியமாக சப்வூஃபர் வைத்த பிறகு அவள் வாயைத் திறக்காதது எனக்குச் சரியாகப் படவில்லை.

கார் என்றால் ஏதோ ஒரு கார் இல்லை. ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு. இரண்டே கதவு. இதில் ஏறி உட்கார முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். வெளியே வர யாராவது கை கொடுக்க வேண்டும். பழையதுதான், ஆனால் பளபளப்பு குறையவில்லை. “நாற்பத்தெட்டு வயசுல இது தேவையா?” என்று உறவில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். மனைவி மட்டும் கேட்கவில்லை. நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்தாள்.

அவள் கேக் செய்து விற்கிறவள். எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய பட்டறை. செய்த கேக்கை அட்டைப் பெட்டியில் வைத்து, டிக்கியில் ஏற்றி, ஆடாமல் அசையாமல் கொண்டு சேர்ப்பது என் வேலை.

“வண்டி உங்களுக்கு. டிக்கி எனக்கு” என்றாள்.

“டிக்கி வண்டியோட சேர்ந்ததுதானே?”

“அடுப்புகூடத்தான் வீட்டோட சேர்ந்தது. நீங்களா பத்த வைக்கிறீங்க?”

“சரி, சரி. டிக்கி உனக்கு.”

“இதுல ஒரு இஞ்ச் குறைஞ்சுது, அன்னைக்கே இந்த வண்டி போகும், வேன் வரும். நாலு கதவு. சாம்பல் கலர்.”

சாம்பல் நிற வேனில் போவதைவிட நேராகச் சாம்பலாகவே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. தலையாட்டிவிட்டேன்.

இப்போது என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பீங்கான் தொழிற்சாலையில் தர ஆய்வாளன். கோப்பை, தட்டு, ஜாடி எதுவானாலும் விரல் நுனியால் ஒரு தட்டு தட்டினால் போதும். ‘ணங்’ என்றால் பெட்டிக்குள் போகும், ‘ணக்’ என்றால் குப்பைக்குப் போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் என் காதுக்குத் தெரியும். தொழிற்சாலையில் எனக்குப் பாம்புச்செவி என்றே பெயர். இப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு, காரின் கதவில் இருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்பது எனக்கு அவமானமாக இருந்தது. பாட்டில் மேளம் அடித்தால் யாரோ அடுத்த தெருவில் தலையணையைத் தட்டுவதுபோல் கேட்டது.

சப்வூஃபர் இருந்தால் அந்தக் குறை தீரும். ‘தும் தும்’ என்ற அடிச்சத்தத்தை மட்டும் தனியாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும் பெட்டி அது. ஆனால் அது உட்காரும் இடம் டிக்கி.

கார் ஸ்பீக்கர் பொருத்தும் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை ‘இடி’ என்றுதான் கூப்பிடும். அவரிடம் போனேன்.

“டிக்கியில ஒரு இஞ்ச்கூடக் குறையக் கூடாது.”

“அண்ணே, பெட்டின்னா இடம் வேணும். அந்தரத்துலயா தொங்க விட முடியும்?”

“வீட்டுல அளக்குற டேப் இருக்குப்பா.”

“எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு.”

“இது என் சம்சாரம் கழுத்துல இருக்கு.”

இடி என்னை நிமிர்ந்து பார்த்தார். அவரும் கல்யாணமானவர். மேற்கொண்டு விளக்கம் கேட்காமல் டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்கினார். அடியில் பலகை. பலகைக்கு அடியில் வட்டமான குழி. குழியில் ஸ்டெப்னி டயர் நிம்மதியாகப் படுத்திருந்தது.

“இவரை வெளிய எடுத்துருவோம். இந்தக் குழிக்குச் சரியா, வட்டமா ஒரு பெட்டி செஞ்சு உள்ள இறக்கிருவோம். மேல பலகை, அதுக்கு மேல கார்ப்பெட். அண்ணி மேல ஏறி நின்னாலும் கண்டுபிடிக்க முடியாது.”

“பஞ்சர் ஆனா?”

“ஆனாத்தானே?”

எனக்கு இது மிகவும் நியாயமான பதிலாகப் பட்டது. ஆசை வெட்கம் மட்டுமல்ல, ஸ்டெப்னியும் அறியாது.

மைத்துனனுக்கு மஞ்சள் காமாலை என்று தொழிற்சாலையில் அரைநாள் லீவு போட்டேன். பெட்டி குழிக்குள் அச்சாக உட்கார்ந்தது. டாஷ்போர்டுக்கு அடியில், என் முழங்காலுக்கு மட்டுமே தெரிகிற இடத்தில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குட்டித் திருகு வைத்துக் கொடுத்தார். அநாதையாகிவிட்ட ஸ்டெப்னியைப் பக்கத்து வீட்டுக்காரரின் தோட்டக் கொட்டகையில் ஒளித்தேன். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

“ஸ்டெப்னி இல்லாம ஓட்டுறது ஆபத்து சார்” என்றார்.

“வீட்டுல தெரிஞ்சா அதைவிட ஆபத்து சார்” என்றேன். அவர் அனுபவஸ்தர். கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை மனைவி கேக் பெட்டியோடு வந்தாள். டிக்கியைத் திறந்தாள். பெட்டியை வைத்தாள், மூடினாள், போய்விட்டாள். டேப்பைத் தொடக்கூட இல்லை.

சந்தேகம் அப்போதுதான் ஆரம்பித்தது. ஏன் அளக்கவில்லை? பூட்டின பெட்டியைக்கூட இழுத்துப் பார்க்கிறவள் ஆயிற்றே.

ஒரு வாரம் போயிருக்கும். சாப்பிடும்போது திடீரென்று கேட்டாள்.

“வண்டி நல்லா ஓடுதாங்க?”

“ஏன் கேக்குற?”

“சும்மாதான்.”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மா.”

“சும்மா கேக்குறவங்க ஏன் சிரிக்கணும்?”

“சரி, சிரிக்காம கேக்குறேன். வண்டி நல்லா ஓடுதா?”

அது இன்னும் பயமாக இருந்தது. குழம்பை இரண்டாம் முறை அவளாகவே ஊற்றியதுகூடச் சந்தேகமாக இருந்தது.

முன்னெச்சரிக்கையாக ஒரு பொறி வைத்தேன். கார்ப்பெட்டின் ஓரத்தில் இருந்து டிக்கியின் சுவர் வரை ஒரு கறுப்பு நூலை இழுத்து ஒட்டினேன். யாராவது கார்ப்பெட்டைத் தூக்கினால் நூல் அறுந்துவிடும். தினமும் காலையில் முதல் வேலை நூலைப் பார்ப்பதுதான். நூல் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. ஒரு மாதமும் இருந்தது. நூல் இருந்தால் ரகசியம் பத்திரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனம் கேட்கவில்லை. அவள் பாட்டு முணுமுணுத்தால் எனக்காக முணுமுணுக்கிறாள் என்று நினைத்தேன். முணுமுணுக்காவிட்டால் எதையோ அடக்கிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

ஆறுதல் சப்வூஃபர் ஒன்றுதான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் திருகை எட்டில் வைத்துவிடுவேன். ஆகா! தும் தும் என்று சத்தம் முதுகுத்தண்டில் ஏறி இறங்கும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனேன்.

“அடிவயித்துல தெரியுதா சார்?”

அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டார்.

“தெரியுது சார். நல்லாவே தெரியுது” என்றார். ஏனோ என் முகத்தைப் பார்க்கவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை ஒரு அலுவலகத்துக்கு மூன்றடுக்குக் கேக் கொடுக்க வேண்டியிருந்தது. யாரோ பெரிய அதிகாரி ஓய்வு பெறுகிறாராம். பன்னிரண்டு மணிக்கு வெட்ட வேண்டும். பெரிய கேக் என்பதால் மனைவியும் கூட வந்தாள். பாதி வழியில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தேன். பின்டயர் தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

“பஞ்சரா?” என்றாள் உள்ளிருந்தபடி.

“அப்படித்தான்... தெரியுது.”

“சரி, ஸ்டெப்னியை மாட்டுங்க. மணி பதினொண்ணு ஆகப்போகுது.”

“ஆட்டோ கூப்பிடலாமே?”

“மூணடுக்குக் கேக்கை ஆட்டோவுலயா? போய்ச் சேரும்போது தோசையா இருக்கும்.”

“நடந்தே போயிட்டா?”

அவள் இறங்கி வந்தாள். டிக்கியில் இருந்த கேக்கைத் தானே தூக்கிப் போய் முன்சீட்டில் வைத்தாள். திரும்பி வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த மௌனத்தை எத்தனை நாள்தான் தாங்குவது? என் கண் முன்னால் சாம்பல் நிற வேன் ஒன்று மெதுவாக வந்து நின்றது. நான் உடைந்துவிட்டேன்.

“என்னை மன்னிச்சிரு. அதுக்குள்ள ஸ்டெப்னி இல்ல.”

“அப்புறம்?”

“சப்வூஃபர் இருக்கு. இடிதான் வச்சுக் குடுத்தாரு. ஸ்டெப்னி பக்கத்து வீட்டுக் கொட்டகையில இருக்கு. உனக்குத் தெரியக் கூடாதுன்னு நூல்கூடக் கட்டினேன். லீவு போடுறதுக்கு உன் தம்பிக்கு மஞ்சள் காமாலைன்னு சொல்லிட்டேன்.”

“என் தம்பிக்கா? குண்டுக்கல்லாட்டம் இருக்கான்!”

“அதையும் மன்னிச்சிரு. ஆனா சத்தியமா டிக்கியில ஒரு இஞ்ச் குறையல. நீ வேணா அளந்து பாரு. வண்டியை மட்டும் மாத்திராத. எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.”

சொல்லிக்கொண்டே டிக்கியின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நடிப்பில்லை, நிஜம்.

“கார்ப்பெட்டைத் தூக்குங்க” என்றாள்.

தூக்கினேன். நூல் பட்டென்று அறுந்தது. பலகையை நகர்த்தினேன். குழிக்குள் கறுப்பாக, வட்டமாக, சமர்த்தாக ஸ்டெப்னி படுத்திருந்தது.

என்னை அறியாமல் விரல் நுனியால் அதைத் தட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. ரப்பர்.

“எப்போலேருந்து?” என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“பெட்டி வச்ச அஞ்சாம் நாள்லேருந்து. இடி தன் பொண்ணு பிறந்தநாளுக்குக் கேக் வாங்க வந்தாரு. வாசல்ல வண்டியைப் பாத்ததும், ‘அண்ணி, குழிக்குள்ள நான்தான் வச்சேன், எப்படி இருக்கு?’ன்னு வாயை விட்டுட்டாரு. நீங்க மத்தியானத் தூக்கத்துல இருந்தப்போ அவரையே கழட்டச் சொன்னேன். ஸ்டெப்னியைப் பக்கத்து வீட்டு சார் ரெண்டு துண்டு கேக்குக்குத் தூக்கிட்டு வந்து குடுத்தாரு.”

“அப்போ நூல்? அது அப்படியே இருந்துச்சே?”

“பறவை பறந்தப்புறம் கூண்டைப் பூட்டினா ஆச்சா? ஸ்டெப்னி வந்த பிறகுதானே நூலே கட்டினீங்க. பத்திரமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“பெட்டி?”

“நான் கேக்குக்குக் க்ரீம் பூசுறேனே, வெள்ளைத் துணி போட்ட வட்ட மேடை, அதான். உயரம் கச்சிதமா இருக்கு. தினமும் அதுமேல காப்பிக் கோப்பையை வச்சுட்டுப் போறது நீங்கதான்.”

“ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா இல்லைன்னு சொல்லுவீங்க. அதுக்கு ஒரு பொய், அந்தப் பொய்க்கு முட்டுக்குடுக்க இன்னொண்ணு. எனக்கு ஏகப்பட்ட ஆர்டர் இருந்துச்சு.”

எனக்கு இன்னும் ஒன்று மட்டும் தெரிய வேண்டும்.

“அப்போ... வேன்?”

“எதுக்கு வேன்? டிக்கியிலதான் ஒண்ணும் இல்லையே. சீக்கிரம் மாட்டுங்க, நேரமாச்சு.”

வண்டி பிழைத்தது. நன்றியோடு ஸ்டெப்னியைத் தூக்கி வெளியே வைத்தேன். முப்பது நாளாக எந்தத் ‘தும் தும்’ சத்தத்துக்கு நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன் என்ற கேள்வியை மட்டும் அவள் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே சக்கரத்தைப் பொருத்தினேன். காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தபோது அவள் குனிந்தாள்.

“பயப்படாதீங்க. காத்து கம்மியாத்தான் இருந்துச்சு, முந்தாநாள் நூலைப் பதமாப் பிரிச்சு, நிறைய அடிச்சு, மறுபடி ஒட்டி வச்சேன். ஏங்க, அதுக்கப்புறம் பாட்டு இன்னும் நல்லாக் கேட்டுருக்குமே?”

கொடுமை என்னவென்றால், முந்தாநாளில் இருந்து உண்மையிலேயே இன்னும் நன்றாகத்தான் கேட்டது.