சொல்தா வீட்டு மாப்பிள்ளை

ரசத்தில் உப்புப் போட்டாச்சா இல்லையா என்பது புருஷோத்தமனுக்கு மறந்துவிட்டது. நினைவு வராததால் இன்னொரு கை போட்டான். போட்ட பிறகு நினைவு வந்தது.

"அடுப்பாண்ட இன்னாடா செய்யற?" என்று அலறினாள் அம்மா அஞ்சலாட்சி. திருடன் புகுந்திருந்தால்கூட இவ்வளவு அலறியிருக்க மாட்டாள்.

"பரீட்சைக்குப் படிக்கிறேம்மா."

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்கள். பெண் சுவேதா, பாரிசில் பிறந்து வளர்ந்த சொல்தா வீட்டுப் பேத்தி. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவளைக் கட்டினால் பிரான்சுதான் என்று முதலியார்பேட்டையே முடிவு கட்டிவிட்டது. புருஷோத்தமனுக்கு மட்டும் தூக்கம் போயிற்று. காரணம், தாய்மாமன் கலியமூர்த்தி.

"அங்க ஆம்பளப் பசங்களுக்கு இஸ்கூல்லயே சமையலு, துணி மடிக்கிறது எல்லாம் கத்துக் குடுத்துடறாண்டா. பொண்டாட்டி வேலைக்குப் போவா, புருஷன் கொழந்தைக்குக் கால் கழுவுவான். சாப்ட்ட தட்ட எடுக்கலன்னா நேரா வக்கீலாண்ட போயிடுவா."

"நீ பாரிசு போயிருக்கியா மாமா?"

"போவணுமா இன்னா? பீச் ரோட்டுல குந்தினா எல்லாம் காதுல வுழுது."

புருஷோத்தமனுக்குப் பள்ளிக்கூடம் கற்றுத் தந்தது: கையைக் கட்டு, வாயைப் பொத்து. வீடு கற்றுத் தந்தது: தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போ. இந்த மூலதனத்தை வைத்துக்கொண்டே அவன் சேதராப்பட்டில், பிரான்சுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில், குவாலிட்டி சூப்பர்வைசர் ஆகியிருந்தான். அவன் பார்த்து அனுப்பிய பொத்தான்கள் பாரிசு போய்விட்டன. அவன் போவதற்குத்தான் குவாலிட்டி போதாது என்று பயந்தான்.

"பிரெஞ்சு கிளாசுல சேருடா, பயம் தெளியும்" என்றார் மாமா.

சேர்ந்தான். பயம் இரட்டிப்பானது. வாத்தியாரம்மா இலக்கணத்தை விட்டுவிட்டு, "புருஷன் பாத்திரம் கழுவலாமா? உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டார்.

புருஷோத்தமன் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான். அபிப்பிராயமா? அதை இதுவரை எந்த வாத்தியாரும் அவனிடம் கேட்டதில்லை.

"எது சரின்னு நீங்களே சொல்லிடுங்க மேடம், எழுதிக்கிறேன்."

வகுப்பில் இருந்த பெண் பிள்ளைகள் சிரித்தது கடல்வரை கேட்டிருக்கும்.

கிளாசும் ஷிப்டும் மோதின. பெண் வீட்டார் வருவதைச் சொல்லி மானேஜர் ஆனந்தராஜிடம் லீவு கேட்டான்.

"கல்யாணத்துக்கே லீவு இல்லன்றேன், பொண்ணு பாக்கறதுக்கா? இஷ்டம்னா இரு, இல்லன்னா எழுதிக் குடுத்துட்டுப் போ!"

பெரியவர்கள் சொன்னதைச் செய்தே பழகியவன். எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். பஸ் ஏறிய பிறகுதான் வேலை போய்விட்டது என்று உறைத்தது.

"அதனால இன்னா? பாரிசு போனா எப்படியும் வுடப்போற வேலைதான?" என்றார் மாமா. "யாராண்டயும் மூச்சு வுடாத. அக்காவுக்குத் தெரிஞ்சுது, ஒன்ன மட்டுமில்ல, என்னையும் வெட்டும்."

அன்றிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிக் கடற்கரையில் உட்கார்ந்து பிரெஞ்சு மனப்பாடம் செய்தான். தெரிந்த முகம் வந்தால் குனிந்து செருப்பைத் தேடினான். வேலை போனது தெரிந்தால் பெண் போகும், மானம் போகும், அம்மாவின் உயிரே போனாலும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுவேதாவும் அவள் சித்தி செல்வாம்பாளும் வந்தார்கள். காப்பித் தட்டைப் புருஷோத்தமனே ஏந்தி வந்தான். டம்ளர்கள் கோயில் மணியாய்க் கிணுகிணுத்தன. அஞ்சலாட்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பையன் சேதராப்பட்டுல சூப்பர்வைசரு" என்றார் மாமா, கூரையைப் பார்த்தபடி.

குடித்து முடிப்பதற்குள் டம்ளர்களைப் பிடுங்காத குறையாய் வாங்கிப்போய், எல்லார் கண் முன்னாலும் கழுவினான். பதற்றத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. சுவேதா எழுந்து வந்து அவனோடு குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

"ஏங்க இவ்ளோ பயம்?"

"எங்க இஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித் தரலீங்க. ஒங்க ஊரு ஆம்பளைங்க மாதிரி…"

"எங்க அண்ணன் அந்த ஊரு இஸ்கூல்லதான் படிச்சான். சாக்ஸ் கழட்டின எடத்துலயே கெடக்கும்." அவள் சிரித்தாள். "நீங்க பயந்துகிட்டாவது கழுவறீங்களே. எனக்குச் சம்மதம்."

புருஷோத்தமனுக்கு எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சு முழுதாக வந்தது. வேலையாவது, கம்பெனியாவது! பாரிசு இருக்கிறது.

அஞ்சலாட்சி கண்ணைத் துடைத்தாள். "பையன எப்பம்மா பாரிசுக்குக் கூட்டினு போற?"

செல்வாம்பாள் வெற்றிலையை மடித்தபடி சொன்னாள்: "பாரிசு எதுக்குங்க? அங்க இவளுக்கு வேலை போயிடுச்சு, இனிமே இங்கதான். சேதராப்பட்டுல பிரெஞ்சு தெரிஞ்ச ஆளு வேணும்னு நேத்துதான் இவள சூப்பர்வைசரா எடுத்துக்கிட்டாரு, யாரோ ஆனந்தராஜாம். அந்த வேலையில இருந்த லூசு எவனோ, லீவு தரலன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டானாம்!"