பெரிய பூச்சி பிடித்த கண்ணாடிக்காரர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் இரண்டு தொட்டிச் செடிகள் சோர்ந்து தலை கவிழ்ந்தன. கடைக்காரரோ தலை நிமிர்ந்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவருக்கு ஒரு பூச்சியைப் பார்க்கத் தெரியாதா?

ஜன்னலோர எலுமிச்சையிலும் பின்வாசல் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. அவை சாற்றை உறிஞ்சித் தேன்போலக் கழிக்கின்றன, அதை நக்கவே எறும்புகள் காவல் நிற்கின்றன, எறும்புக்கு இவை கறவை மாடுகள் என்று லென்ஸும் கையுமாக மனைவிக்குப் பாடம் நடத்தினார். அவள் புதிதாய்க் கேட்பவள் போலக் கேட்டாள்.

ஜன்னலோரத்தில் தம் சாய்வு நாற்காலியைப் போடுவது அவருடைய நெடுநாள் ஆசை. செடிக்கே வெயில் வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஆகவே பந்தயம். எலுமிச்சை அவருக்கு, செம்பருத்தி அவளுக்கு. எவர் செடி முதலில் தேறுகிறதோ அவருக்கே ஜன்னலோரம்.

தளபதியைச் சாய்த்தால் படை சிதறும் என்பது அவர் கணக்கு. உடலெங்கும் வெள்ளை நூல் தொங்க, விறுவிறுவென்று ஓடும் கொழுத்த பூச்சிகளையே தேடித் தேடி இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டார். கொல்ல மட்டும் கை வரவில்லை.

"என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"ஒண்ணு விடல பாத்தியா?"

"உங்க கண்ணு யாருக்குங்க வரும்?"

அவர் ஒரு முழம் வளர்ந்தார். கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அன்றன்றைய வேட்டை விவரம் இலவசமாகக் கிடைத்தது.

மாதம் ஒன்று போயிற்று. செம்பருத்தி பூத்துக் குலுங்கியது. எலுமிச்சையில் இலை எது, மாவு எது என்று அவர் லென்ஸுக்கே புலப்படவில்லை. மனைவி எலுமிச்சையைப் பின்வாசலுக்கு மாற்றிவிட்டு, செம்பருத்தியைத் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தாள்.

"நீங்க பிடிச்சதை எல்லாம் எறும்பு துரத்தித் துரத்திக் கடிச்சுதே, பாக்கலையா? தன் மாட்டை யாருங்க கடிப்பாங்க? அது மாவுப்பூச்சி மாதிரி வேஷம் போட்டு மாவுப்பூச்சியைத் தின்னுற வண்டுக்குஞ்சு. எல்லாத்தையும் என் செடியில விட்டுட்டு, எறும்பு ஏறாம தண்டுல பசையைத் தடவிட்டேன்."

அவர் மீசையை நீவினார். "ஆக, ஜெயிச்ச படையைப் பிடிச்சுக் குடுத்தது நான்தானே?"

அவள் நாற்காலியைப் பின்வாசலுக்கு இழுத்துப் போய் எலுமிச்சைக்கு அருகில் போட்டாள்.

"இங்கயா? எறும்பு கடிக்குமே."

"உங்களைக் கடிக்காதுங்க. அதுங்க எதிரியை ஒண்ணு விடாம பிடிச்சு அப்புறப்படுத்தின ஆளை அதுங்களுக்குத் தெரியாதா என்ன?"