நீலப் பம்பும் பழுப்புப் பம்பும் பெர்லு அண்ணனும்

மலேசியா முழுவதும் தேடினாலும் ஒரு ஸ்டேப்ளர் முள்ளைக்கூட வீணாக விடாத மனிதர் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் அலுவலக ஸ்டோரில் உட்கார்ந்திருந்தார். போன வருஷம் புகைமூட்டக் காலத்தில் இறந்துபோனார். அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதுகிறேன் என்று தெரிந்திருந்தால், "அரைப் பக்கம் பத்தாதா?" என்று கட்டாயம் கேட்டிருப்பார்.

பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் துறைமுகத்தை ஒட்டிய பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் சரக்கு அனுப்பும் கம்பெனி இருக்கிறது. நான் அங்கே பில் போடுகிறவள். காகிதம், பேனா, மை எது வேண்டுமானாலும் இரண்டாம் மாடியில் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். யார் வந்து எதைக் கேட்டாலும் முதலில் "பெர்லுவா?" என்பார். பெர்லு என்றால் மலாயில் தேவை. அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் கதவில் ஒட்டியிருந்தது. அதைப் படித்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

"அண்ணே, பேனா ஒண்ணு."

"பெர்லுவா?"

"எழுத மாட்டேங்குதுண்ணே."

"பழச எடு."

பழைய பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, ஊதி, காலண்டரின் முதுகில் வட்டம் வட்டமாகக் கிறுக்குவார். அந்தப் பாழாய்ப்போன பேனாவும் அவர் கையில் மட்டும் எழுதும். "பேனா நல்லாத்தான் இருக்கு லா. உனக்குத்தான் எழுத வரல" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒரு நாள் எங்கள் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிஷ்யூ ரோல் கேட்டு ஓடி வந்தார். அவரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார் அண்ணன். மேனேஜர் சொன்ன பதிலைக் குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு ஒழுங்காகப் போவார். பூசையில் எல்லாரும் சுற்றித் திரும்பிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது இவர் பக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு மட்டும் கை கொடுத்துவிட்டு முன்னால் திரும்பிக்கொள்வார் என்று கேள்வி.

அவருக்கு ஆஸ்துமா. மாடிப்படியில் அவர் வருவதற்கு முன்னால் நெஞ்சிலிருந்து விசில் வந்துவிடும். அதைக் கேட்டதும் அலுவலகத்தில் எல்லாரும் மேசை மேல் உபரியாக இருப்பதை இழுப்பறைக்குள் தள்ளுவார்கள். சிரிப்பும் வரும். ஆனால் அந்த விசில் மேலே ஏற ஏற நான் படிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அரசாங்கக் கிளினிக்கில் அவருக்கு வாயில் வைத்து மருந்தை இழுக்க இரண்டு பம்பு, அதாவது இன்ஹேலர், கொடுத்திருந்தார்கள். ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. நீலத்தின் மேல் 'பிலா பெர்லு' என்று ஒட்டியிருந்தது. தேவைப்படும்போது என்று அர்த்தம். அதை என்னிடம் கொண்டு வந்து காட்டி, "பாத்தியா, கவர்மெண்டே என் பக்கம்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

தொல்லை என்னவென்றால், எதுவுமே அவருக்குத் தேவையாகப் படாது. மாடி ஏறி மூச்சு முட்டினால், "இது வெறும் படி" என்பார். அலமாரியைத் துடைத்து மூச்சு முட்டினால், "இது வெறும் தூசி." ஒரு நாள் காலையில் உதடே வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். என்ன அண்ணே என்றேன். "ஒண்ணுமில்ல, திங்கக்கிழம" என்றார்.

பழுப்புப் பம்பைப் பெட்டியைவிட்டே எடுக்கவில்லை.

"ஏண்ணே இதத் தொடவே இல்ல?"

"நீலம் இன்னும் முடியல. ஒரு பெட்டி முடியாம அடுத்த பெட்டியத் திறக்கிறது ஸ்டோர் வேலை இல்லமா, கொள்ளை."

"ரெண்டும் ஒரே மருந்தா?"

"ரெண்டும் பம்புதான?"

இதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

ஒரு வருஷக் கடைசியில், மழை நாளொன்றில் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. நான்தான் அவர் பையிலிருந்து நீலத்தை எடுத்துக் கையில் திணித்தேன். கொஞ்சம் தெளிந்ததும் வண்டி பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு மருந்துக் கவுண்டருக்கு அனுப்பினார். அங்கே சல்மா என்று ஒரு பெண் இருந்தாள். அப்பா பட்டர்வொர்த்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாராம். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அங்கே கற்றிருப்பாள் போலிருக்கிறது.

"பழுப்பு எங்க அங்கிள்?"

"பத்திரமா இருக்கு. பிரிக்கல."

"பம்ப மாட்டி இழுக்க ஒரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தோமே?"

"அதுல ரப்பர் பேண்டு போட்டு வச்சிருக்கேன்."

சல்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "இவர் என்ன வேலை பார்க்கிறார்?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன்.

"உங்க ஸ்டோர்ல எலி வருமா அங்கிள்?"

"வரும். தாளக் கடிக்கும்."

"வந்துட்டா என்ன செய்வீங்க?"

"பொறி வைப்பேன்."

"வராம இருக்க?"

"ஓட்டையில சிமெண்ட்டு பூசுவேன்."

"அதேதான். நீலம் பொறி. மூச்சு முட்டுதா, இழுக்குதா, உடனே எடுக்கணும். யோசிக்கக் கூடாது. பழுப்பு சிமெண்ட்டு. நல்லா இருக்கிற நாள்லயும் காலையில, ராத்திரியில விடாம எடுக்கணும். உள்ள இருக்கிற வீக்கம் மெதுவாத்தான் வத்தும். ஆனா மூச்சு முட்டும்போது பழுப்ப இழுத்துப் பிரயோசனம் இல்ல அங்கிள். வந்த எலிய சிமெண்ட்டு பிடிக்காது. ரெண்டும் வேணும். நீலம் எப்பவும் பாக்கெட்ல இருக்கணும். அடிக்கடி நீலம் தேவப்பட்டா உடனே இங்க வரணும். பழுப்பு எடுத்ததும் வாய் கொப்பளிச்சுத் துப்பிடுங்க. இல்லன்னா வாயில புண்ணு வரும்."

அண்ணன் அசந்துபோனார். திரும்பி வரும் வழியெல்லாம், "சிமெண்ட்டு, சிமெண்ட்டு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாளே பழுப்புப் பெட்டியைப் பிரித்துவிட்டார். கொப்பளித்த தண்ணீரைத் தொட்டியில் துப்ப மனம் வராமல், வரவேற்பறை மணி பிளாண்ட்டுக்கு ஊற்றினார். அதன் இலை ஒரு மாதிரி வெளுத்துப்போனது. ஒரு மாதத்துக்குள் விசில் நின்றது. மாடியில் அவர் வருவது யாருக்கும் தெரியாததால், கணக்குப் பிரிவில் ஒரே வாரத்தில் பல உபரி ஸ்டேப்ளர்கள் பிடிபட்டன. அலுவலகமே அவர் குணமானதற்காக வருத்தப்பட்டது.

நான் மட்டும் நிம்மதியாக இருந்தேன். அது ரொம்ப நாள் நிலைக்கவில்லை. ஒரு நாள் அவர் சட்டைப்பையில் பழுப்பு மட்டும் இருந்தது.

"நீலம் எங்கண்ணே?"

"உள்ள வச்சுப் பூட்டிட்டேன். ஓட்டைய அடச்சாச்சுல்ல, இனிமே பொறி பெர்லுவா?"

"ரெண்டும் வேணும்னு அந்தப் பொண்ணு சொன்னிச்சேண்ணே."

"அது எலி இருக்கிற வீட்டுக்குமா."

அடுத்த வருஷம், இந்தோனேசியாவில் காடு எரிந்து கிளம்பும் புகைமூட்டம் கடுமையாக வந்தது. அலுவலக ஜன்னலில் இருந்து பார்த்தால் அக்கரை தெரியாது, சில நாள் கடலே தெரியாது. ஊரே இருமியது. ஒரு சாயங்காலம் நானும் அவரும் அக்கரையில் இருக்கும் வீடுகளுக்குப் போக, பட்டர்வொர்த் ஃபெர்ரியைப் பிடிக்க வேகமாக நடந்து போய் ஏறினோம். உள்ளே ஏர்கோன் குளிர். உட்கார்ந்ததும் அவருக்கு இருமல் வந்தது. பிறகு, நான் மறந்தே போயிருந்த அந்த விசில் வந்தது.

பழுப்பை எடுத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். தோள் இரண்டும் காது வரை ஏறி இறங்கின. மறுபடியும் பழுப்பையே வாயில் வைத்தார்.

"அது இப்ப கேக்காதுண்ணே. நீலம் எங்க?"

பேச முடியவில்லை. கையைத் தூக்கிப் பின்பக்கம் காட்டினார். ஃபெர்ரி கரையை விட்டு விலகியிருந்தது. எங்கள் கட்டடம் புகைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஸ்டோர் சாவி அவர் இடுப்பில் தொங்கியது.

எழுந்து நின்று, நீலப் பம்பு யாரிடமாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டேன். எல்லாரும் கைப்பேசியில் இருந்து தலையைத் தூக்கினார்கள். ஊழியர் ஒருவர் ஆம்புலன்சுக்குச் சொல்ல ஓடினார். பாயான் பாரு தொழிற்சாலை ஒன்றின் சீருடையில் இருந்த மலாய்க்காரப் பெண் பையைத் தரையில் கொட்டி, நீலப் பம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவர் முன்னால் மண்டியிட்டு நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. இருந்த கொஞ்ச மூச்சையும் செலவழித்து அவளை ஒரு கேள்வி கேட்டார். "அவாக்... தாக் பெர்லு?"

உனக்குத் தேவைப்படாதா என்று கேட்கிறார். அந்தப் பெண்ணுக்கு இவரைத் தெரியாது. அவள் அழுதுவிட்டாள். நான் பம்பைப் பிடுங்கி அவர் வாயில் வைத்து, "இழுங்க" என்று அதட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபேச்சில்லாமல் இழுத்தார். கொஞ்சம் விட்டு மறுபடி, மறுபடி. அக்கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. அதற்குள் அவர் என் கையைப் பிடித்திருந்த பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது.

பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பழுப்பு காலையிலும் இரவிலும், நீலம் எந்நேரமும் சட்டைப்பையில். இரண்டில் எது எப்போது என்று அலுவலகத்துக்கு வரும் கூரியர்க்காரனுக்குக் கூட வகுப்பு எடுத்தார். புது நீலப் பம்பு ஒன்றைத் தானே வாங்கி வைத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளையோட ஸ்டாக் நம்மகிட்ட நிக்குது" என்று தினமும் சாயங்காலம் ஃபெர்ரி வாசலில் நின்றார். அவள் அதற்கப்புறம் கண்ணில் படவே இல்லை.

எல்லாம் சரியாகத்தான் செய்தார். கொஞ்சம் தாமதமாகிவிட்டது. வருஷக்கணக்காகக் கவனிக்காமல் விட்டதில் மூச்சுக்குழாய்கள் இறுகிவிட்டன, பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த புகைமூட்டத்தில் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, தீவிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேலை முடிந்ததும் நான் தினமும் போய் எட்டிப் பார்ப்பேன். ஆக்சிஜன் மாட்டியிருக்கும். "வந்துட்டியா, சரி, கிளம்பு. ஃபெர்ரி போயிடும்" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கடைசியாகப் போன அன்று நானே எழுந்து பையை மாட்டிக்கொண்டேன். வாயில் மாட்டியிருந்ததைக் கொஞ்சம் விலக்கினார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்" என்றார். "வேலை ஒண்ணும் இல்ல. சும்மாத்தான்."

பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. இருந்திருந்தாலும் இப்படி ஒரு கஞ்சனாக இருந்திருக்க மாட்டான், அவன் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்திருந்திருக்கவும் மாட்டேன்.