வேலை இல்லை என்று ஒரு கையெழுத்து

ரிஷிவந்தியம் பக்கம்,
25.2.2024, ஞாயிற்றுக்கிழமை.

வெள்ளிமலையில் ஜீப் ஓட்டும் என் மச்சான் வேடியப்பனுக்கு, உன் அக்காள் புருஷன் பிச்சைமுத்து எழுதிக்கொள்வது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதுவது முறை. எழுதியாயிற்று. இனி உண்மையை எழுதுகிறேன்.

போன் போட்டால் "டவரு இல்ல மாமா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும் என்பதால், நான் சொல்லச் சொல்ல என் மகள் செவ்வந்தி எழுதுகிறாள். நான் பேசுவதையெல்லாம் புத்தகத் தமிழாக்கி விடுகிறாள், திட்டுகளை மட்டும் அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறேன். மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், கிடைக்கவில்லை என்று சொல்லாதே.

விஷயம் இதுதான். செவ்வந்தி பி.ஏ. முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஆறு வருஷம் ஆகிறது. படித்துவிட்டு வேலை கிடைக்காத பிள்ளைகளுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது அல்லவா, அதற்கு மனு வாங்கி வந்தாள். மாசக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். இவள் எந்த வேலையிலும் இல்லை என்று வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். வேலை இருக்கிறது என்று சொல்லத்தானே நாட்டில் கஷ்டம், இல்லை என்று சொல்ல என்ன கஷ்டம் என்று நானே திங்கட்கிழமை மனுவைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் என்னை உட்காரவைத்து, டீ வரவழைத்து, மனுவை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, உங்க பொண்ணு வேலைக்குப் போய்க்கினு இருக்குதேங்க, நான் எப்பிடி இல்லன்னு எழுதறது?" என்றார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். உடனே புரிந்தது. உன் பேனர்!

அட பாழாப் போனவனே, சர்ட்டிபிகேட் சரிபார்க்கத்தானேடா அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள்? ஒரு வேலைக்கு இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவள் சொல்வதற்குள், "அரசுப் பணியில் அமர்ந்த எங்கள் குலவிளக்கே வருக" என்று பதினைந்தடிக்கு அடித்து, அவள் பத்தாவது ஹால் டிக்கெட் படத்தை மூலையில் போட்டு, கூலிங்கிளாஸோடு உன் மூஞ்சியை நடுவில் போட்டு பஸ் ஸ்டாப்பில் கட்டிவிட்டு மலையேறிவிட்டாய். வேலை வரவில்லை, பேனர் மட்டும் போகவில்லை. டீக்கடை ஆதிமூலம் அதை மேற்கு வெயிலுக்குத் தட்டியாகக் கட்டிக்கொண்டான். கழற்று என்றால், "இன்னா பிச்சமுத்து, வெயிலு நேரா பாய்லர் மேல அடிக்குது, நான் இன்னா பண்றது?" என்கிறான்.

சரி, எழுத்தையாவது அழிப்போம் என்று செவ்வாய்க்கிழமை கறுப்பு பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறினேன். கோபத்தில் முதலில் உன் மூஞ்சிக்கு அடித்தேன். எழுத்துக்குக் கை நீட்டும்போது ஏணி சறுக்கியது. இடுப்பு பிசகிவிட்டது, மூன்று மாசம் கரும்பு வெட்டப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுத்து அப்படியே பளிச்சென்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ராத்திரி பூரா பிள்ளை கண் மூடாமல் என் பக்கத்தில் நின்றாள்.

இனிமேல் உன் அக்காள் கொளஞ்சியம்மாள் களையெடுத்துக் கொண்டுவருவதுதான் வீட்டுக்கு. செவ்வந்தி காலை எட்டு மணி பஸ்ஸில் கள்ளக்குறிச்சி லைப்ரரிக்குப் போய்ப் பரீட்சைக்குப் படித்துவிட்டு ராத்திரி வருகிறாள். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு மாசாமாசம் ஏதோ பணம் கொடுக்கிறார்களாம், தனி மாவட்டம் ஆன பிறகு என்னென்னவோ வருகிறது. ஆனால் இந்த மாசத்தோடு அதுவும் நின்றுவிடும் என்கிறாள். ரொம்பப் படிக்கிறாள் வேடியப்பா. மற்ற பிள்ளைகளுக்குப் படித்தால் கண் வீங்கும், இவளுக்குக் கால் வீங்குகிறது. உன் அக்காள் தினமும் வெந்நீர் வைத்து ஊற்றுகிறாள்.

வெள்ளிக்கிழமை கம்பை ஊன்றிக்கொண்டு மறுபடி வி.ஏ.ஓ.விடம் போனேன். நான் சொல்வதை நம்பவில்லை என்றால் சாமி சொல்வதை நம்புவாரா? அவர் மேஜைமேல் கற்பூரம் கொளுத்தி, "எம் பொண்ணு எந்த வேலையிலயும் இல்ல, இது பொய்யின்னா எங்குடும்பம் வெளங்காமப் போவட்டும்" என்று உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தேன். மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. (இந்த இடத்தில் பேனா எழுதவில்லை என்கிறாள் செவ்வந்தி. உதறி எழுது என்றேன்.)

ஆகவே நீ இது கிடைத்த அன்றைக்கே இறங்கி வந்து, பேனர் போட்டது உன் திமிர், அதில் உண்மை எதுவும் கிடையாது என்று வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பணம் பெரிசில்லை. இந்தப் பிள்ளை படித்திருக்கிறது, வேலை தராதது எங்கள் குற்றம் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்கிற காகிதம் அது ஒன்றுதான். எனக்கு அது வேண்டும்.

மலையில் குளிர் ஜாஸ்தி, காதுக்குத் துண்டு கட்டிக்கொள். வளைவில் மெதுவாகப் போ. திட்டியதை மனசில் வைக்காதே, வைத்தாலும் வந்துவிட்டுப் போ. அர்த்தநாரீஸ்வரர் உன்னைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
பிச்சைமுத்து.

பின்குறிப்பு: மாமா, இது செவ்வந்தி. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். வி.ஏ.ஓ. பேனரைப் பார்த்துச் சொல்லவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டம்மாவுக்குப் புடவை எடுத்துக் காட்டியதே நான்தான். இரண்டு வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன். லைப்ரரிப் பணம் என்பது அந்தச் சம்பளம். பி.ஏ. படிக்கவைத்தவரிடம் புடவை மடிக்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வி.ஏ.ஓ.வும் அப்பாவிடம் சொல்லாமல் விட்டார், நல்ல மனுஷர்.

கடையில் நாங்கள் உட்கார என்று ஒரு ஸ்டூல் உண்டு. அதன்மேல் பட்டுப்புடவை கட்டிய பொம்மையை நிறுத்தியிருப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போன புதன்கிழமை, பொம்மையை இறக்கிவிட்டு ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன். கேமராவில் பார்த்து அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமை அப்பா அணைத்த கற்பூரம் பொய்யில்லை, மாமா. இரண்டு நாளில் தப்பித்தது. வி.ஏ.ஓ.விடம் பேனரைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம், எனக்கு வேலை போனதை மட்டும் சொல்லுங்கள், கையெழுத்துப் போட்டுவிடுவார். அப்பாவிடம் சொல்லாதீர்கள்.

வியாழக்கிழமையிலிருந்து அதே எட்டு மணி பஸ்ஸில் போய் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். நாளைக்கு உண்மையாகவே லைப்ரரிக்குப் போய்ப் பார்க்கப் போகிறேன். அங்கே எல்லோருக்கும் நாற்காலி உண்டாமே.